டிஸ்கோ தாளத்தில் மோகனம்

1982-இல் மும்பையில் ஒரு விசித்திரமான இசைத்தட்டு பதிவானது. பெயர், ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. பத்து இந்துஸ்தானி ராகங்கள். ஆனால் சிதாரும் இல்லை, தபலாவும் இல்லை. ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்னணுக் கருவிகள்தான் முழு வேலையும் செய்தன. வாசித்தவர் சரண்ஜித் சிங். ஆர்.டி. பர்மன் போன்றோரின் இந்திப் படப் பாடல்களுக்குக் கிட்டாரும் கீபோர்டும் வாசித்த கலைஞர் அவர்.

இந்திப் படங்களில் அப்போது டிஸ்கோ அலை. தபலாவை விட்டுவிட்டு டிஸ்கோ தாளத்தில் ராகம் வாசித்தால் என்ன என்று தோன்றியதாகப் பிற்காலப் பேட்டிகளில் கூறினார். கருவிகளைச் சிங்கப்பூரில் வாங்கினாராம். எச்.எம்.வி. வெளியிட்ட அந்தத் தட்டு விற்கவில்லை.

அவர் பயன்படுத்திய டிபி-303 என்ற சின்னப் பெட்டியும் விற்கவில்லை. பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்த கருவி அது. ஆனால் அதன் ஒலி பேஸ் கிட்டார் போலவே இல்லை! 1984-இல் தயாரிப்பு நின்றது. பழைய பெட்டிகள் மலிவாகக் கிடைத்ததால் அமெரிக்காவின் சிகாகோ இளைஞர்கள் வாங்கித் திருகிப் பார்த்தார்கள். 1987-இல் ஃப்யூச்சர் என்ற குழு ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டது. ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை உலகெங்கும் பரவியது.

நெதர்லாந்தைச் சேர்ந்த இசைத்தட்டு சேகரிப்பாளர் எடோ பௌமன், மும்பைத் தட்டை டில்லியில் கண்டெடுத்து 2010-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். கேட்டவர்கள் திகைத்தார்கள். சிகாகோவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அதே ஒலியா? யாரோ செய்த குறும்பு என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள்.

‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியர்’ என்று இணையத்தில் நம்மவர்கள் மார்தட்டுவதை நீங்களும் பார்த்திருக்கலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிகாகோ இளைஞர்கள் இந்தத் தட்டைக் கேட்டதற்குச் சான்று எதுவும் இல்லை. அதைவிடச் சுவையான கேள்வி வேறு: இந்தப் பெட்டிக்கும் ராகத்துக்கும் எப்படி இவ்வளவு பொருத்தம்?

விடை என் மாமாவிடம் கிடைத்தது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கோயில் திருவிழா மேடைகளில் கீபோர்டு வாசித்தவர். இப்போது ஈப்போவில் இருக்கிறார். ‘ராக் பூபாலி’யைப் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“இது மோகனம்டா. டிரம்மை விடு, கீழே ஓடுதே, அதைக் கேள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கிட்டுப் போகுது பார்.”

அந்த வழுக்கல் டிபி-303-இல் உள்ள ‘ஸ்லைடு’ வசதி. நம் இசையில் சுரங்கள் படிக்கட்டு ஏறுவதில்லை, இழைகின்றன. சாதாரண கீபோர்டில் அது வராது. மேலும், மேற்கத்திய பாப் பாடலில் கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். ராகத்தில் ஆதார சுருதி மாறாது, சுரங்களும் வரையறுக்கப்பட்டவை. மோகனத்துக்கு ஐந்தே சுரம். பதினாறு படிகளில் சுரங்களைப் பதிந்துவைத்துத் திரும்பத் திரும்ப ஓடவிடும் இயந்திரத்துக்கு இதைவிடத் தோதான இசை எது?

தட்டு முழுவதையும் மாமாவோடு கேட்டேன். மால்கௌன்ஸ் நம் இந்தோளம், யமன் ஏறக்குறைய நம் கல்யாணி, கலாவதி நம் வலசி. பைரவ் கேட்டால் மாயாமாளவகௌளை நினைவுக்கு வரும். இசை வகுப்புக்குப் போகிறவர்கள் சோதித்துப் பாருங்கள்.

சரண்ஜித் சிங்குக்குக் கடைசிக் காலத்தில் ஐரோப்பிய மேடைகள் கிடைத்தன. 2015-இல் மறைந்தார். தட்டு ஒன்று டில்லியில் தப்பிப் பிழைத்திருந்ததால் வந்த வாழ்வு அது. மாமாவின் குழுவுக்கு இசைத்தட்டு ஏது? தோட்டம் செம்பனைக்கு மாறி, குடும்பங்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபோது கூட வந்தவை இரண்டு கேசட்டுகள் மட்டுமே. ஒன்றில் பூஞ்சை பிடித்திருக்கிறது. இன்னொன்றை நண்பன் வீட்டு ரேடியோவில் போட்டுக் கணினியில் பதிவு செய்தேன். முதலில் உடுக்கைச் சத்தம். அதன் மேல் மாமாவின் கீபோர்டு, சுருதி சேராமல்.

“நிறுத்தாதே, அடுத்த பாட்டு நல்லா இருக்கும்” என்றார் மாமா.