காஸ் டின் அடுப்பு: பாதுகாப்பு எங்கே இருக்க வேண்டும்?

வீடிழந்து முகாமில் தங்கியிருந்த ஒரு தாய் எம்மிடம் கேட்ட கேள்வி இது: "சுவாமி, தந்த அடுப்பு நல்லாத்தான் எரியுது. ஆனா ரொட்டித் தட்டை வைச்சா பக்கத்துல இருக்கிற டின் சுடுது. பயமில்லையா?" பயப்பட வேண்டிய விடயம்தான். அவர் கேட்டதில் ஓர் ஆராய்ச்சியாளனின் கூர்மை இருந்தது. அடுப்பின் முழு ஆபத்தும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. அதற்கு விடை தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்சரிவும் வெள்ளமும் எமது ஊவா மக்களுக்குப் புதியவையல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இப்படியான வேளைகளில் விறகு நனைந்துவிடும், அடுப்படியும் இருக்காது. பாடசாலை மண்டபத்திலோ தறப்பாள் கூடாரத்திலோ சமைக்க, கையில் தூக்கிச் செல்லக்கூடிய காஸ் டின் அடுப்பு பேருதவியாகிறது. ஆனால் அதன் இயல்பை அறியாமல் கையாண்டால் அதுவே இரண்டாவது அனர்த்தமாகிவிடும்.

டின்னுக்குள் இருப்பது என்ன?

220 கிராம் அளவுள்ள டின்னில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன் என்னும் வாயு. அமுக்கத்தினால் அது திரவமாக அடைக்கப்பட்டிருக்கிறது. குலுக்கினால் தண்ணீர் போல் சத்தம் கேட்பது அதனால்தான். டின்னைத் திறந்ததும் திரவம் ஆவியாகி வெளிவருகிறது. 220 கிராம் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 95 லீற்றர் வாயுவாகும்.

டின்னின் உள்ளமுக்கத்தைத் தீர்மானிப்பது சூடு. 15 பாகை செல்சியஸில் பியூட்டேனின் அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் குறைவு. 30 பாகையில் ஏறத்தாழ மூன்று மடங்கு. 50 பாகையில் ஐந்து மடங்கு. பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்து விடியற்காலைக் குளிரில் அடுப்பு மந்தமாக எரிவதும், வெல்லவாய, புத்தள வெயிலில் சுறுசுறுப்பாக எரிவதும் இதனாலேயே. குளிரில் அடுப்பு மந்தமானால் டின்னை நெருப்பருகில் காட்டிச் சூடாக்குபவர்கள் உண்டு. அது மிகவும் ஆபத்தான செயல். உள்ளங்கையில் சற்று நேரம் பிடித்து இளஞ்சூடாக்கினால் போதும். வெயிலில் நிற்கும் தகரக் கொட்டிலுக்குள்ளோ, பூட்டிய வாகனத்துக்குள்ளோ டின்னை வைக்கவும் கூடாது. 50 பாகைக்கு மேல் சூடாக்காதீர்கள் என்று டின்னிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

2021ஆம் ஆண்டு கற்றுத்தந்த பாடம்

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கை முழுவதும் நூற்றுக்கணக்கான காஸ் விபத்துகள் நடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுப்புகள் வெடித்தன, கண்ணாடி மேற்பரப்புகள் சிதறின, குழாய்களிலும் ரெகுலேட்டர்களிலும் கசிவு ஏற்பட்டது. உயிர்களும் பறிபோயின. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு இதனை ஆராய்ந்தது. சிலிண்டரில் நிரப்பப்பட்ட வாயுக்களின் சேர்மான விகிதம் மாற்றப்பட்டதே முக்கிய காரணம் என்று அக்குழு கூறியது.

இதன் பொருள் என்ன? வீட்டுச் சிலிண்டரில் பியூட்டேன், புரொப்பேன் என இரண்டு வாயுக்கள் கலந்திருக்கின்றன. 30 பாகைச் சூட்டில் புரொப்பேனின் அமுக்கம் வெளிக்காற்றைப் போல் பத்து மடங்குக்கு மேல். ஆகவே கலவையில் புரொப்பேனின் பங்கு கூடினால் அமுக்கமும் கூடுகிறது. குறைந்த அமுக்கத்தில் எப்படியோ தாக்குப்பிடித்து வந்த பழைய குழாயும் தேய்ந்த வாஷரும் அப்போது கைவிட்டுவிடுகின்றன.

காஸ் டின் அடுப்புக்கும் இதே பாடம்தான். மெல்லிய தகர டின் பியூட்டேனுக்கென்றே செய்யப்பட்டது. காலியான டின்னில் வீட்டுச் சிலிண்டர் காஸை ஏற்றினால், அந்த டின் தாங்குவதற்கெனச் செய்யப்படாத அமுக்கம் அதற்குள் புகுகிறது. அதோடு எவ்வளவு நிரம்பியது என்பதையும் அளக்க முடியாது. திரவம் சூட்டில் விரிவதற்கு மேலே வெற்றிடம் இருக்க வேண்டும். அந்த இடமும் நிரம்பிவிட்டால் சிறு சூட்டிலேயே டின் வெடிக்கக்கூடும். வியட்நாமில் இவ்வாறு மீள்நிரப்பிய டின்களால் பலர் காயமடைந்திருக்கின்றனர். விலை குறைவு என்று எவர் தந்தாலும் மீள்நிரப்பிய டின்னை வாங்காதீர்கள்.

நல்ல அடுப்பு எப்படி அமைந்திருக்கும்?

"கவனமாக இருங்கள்" என்று சொல்வது எளிது. ஆனால் மழை கொட்டுகிறது, பிள்ளை அழுகிறது, ஒரே காம்பராவில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. இந்நிலையில் ஒரு தாய் எந்நேரமும் கவனமாக இருப்பது எப்படி? கை தவறினாலும் காப்பாற்றும் விதமாகப் பொருள் அமைய வேண்டும். இதற்கு எமது நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. போத்தல் விளக்குகள் கவிழ்ந்து உடல் வெந்துபோனவர்களுக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களில் 'சுதீப' என்ற விளக்கை உருவாக்கினார். அது குட்டையானது, கனமானது. கவிழ்ந்தாலும் உருளாதபடி இரு பக்கமும் தட்டையானது. எண்ணெய் கொட்டாதபடி திருகு மூடி கொண்டது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. மக்கள் திருந்தட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை, விளக்கைத் திருத்தினார்.

அதே கண்ணோடு காஸ் டின் அடுப்பைப் பார்ப்போம்.

1. அடி அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருக்க வேண்டும். டின்னின் தலையிலேயே பர்னரைத் திருகிப் பூட்டும் வகை, மலையேறுவோருக்குப் பாரம் குறைவு. ஆனால் பிள்ளைகள் ஓடித்திரியும் இடத்தில் ஒரு பானைச் சோறு வைத்தால் இலகுவில் சரிந்துவிடும். எமக்கு ஏற்றது, டின் பக்கவாட்டில் படுத்திருக்கும் பெட்டி அடுப்பு.

2. பர்னருக்கும் டின்னுக்கும் நடுவே சூட்டை மறைக்கும் தகடு இருக்க வேண்டும்.

3. டின்னின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அது அடுப்பிலுள்ள முனையோடு பொருந்தினால்தான் டின் பூட்டப்பட வேண்டும். இது அழகுக்காக வைத்ததல்ல. வெட்டு மேற்பக்கம் இருக்கும்போது உள்ளே இருக்கும் சிறு குழாய், திரவத்துக்கு மேலேயுள்ள வாயுவை மட்டும் எடுக்கிறது. டின் திரும்பியிருந்தால் திரவமே பர்னருக்குப் போய்ச் சுவாலை ஆளுயரத்துக்குக் கிளம்பலாம்.

4. குமிழ் மூடிய நிலையில் இருந்தால் மட்டுமே டின்னைப் பூட்டும் நெம்பு கீழிறங்க வேண்டும்.

5. டின்னின் அமுக்கம் எல்லை மீறினால், டின்னைத் தானாகவே விடுவித்துச் சுவாலையை அணைக்கும் பொறி இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. ஆனால் இதை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. 2015இல் அவுஸ்திரேலியாவின் எரிவாயு ஒழுங்குபடுத்தும் அமைப்புகள், பரிசோதனையில் இந்தப் பொறி சரியாக இயங்காத பல மாதிரிகளின் அனுமதியை இடைநிறுத்தின. வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஆகவே பொறி இருந்தாலும் டின்னைச் சுடவிடாமல் காப்பது எம் பொறுப்பு.

6. டின்னைக் கழற்றியதும் அதன் வாய் தானாக மூடிக்கொள்ள வேண்டும். பழைய முகாம் அடுப்புகள் சில, டின்னைத் துளைத்து வாயுவை எடுப்பவை. முழுதும் காலியாகும் முன் அவற்றைக் கழற்றினால் மீதி வாயு முழுவதும் வெளியேறிவிடும். அருகில் ஒரு குப்பி விளக்கு எரிந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவ்வகை வேண்டாம்.

இன்னொரு விடயம், டின் எந்த அடுப்புக்கும் பொருந்துவது. 1995 ஜனவரி 17இல் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. இடம்பெயர்ந்த மக்களுக்கு டின்கள் வந்து சேர்ந்தன. ஆனால் கம்பனிக்குக் கம்பனி டின்னின் அமைப்பு வேறுபட்டதால் பல அடுப்புகளில் அவை பொருந்தவில்லை. அதன் பின் 1998இல் ஜப்பான் தனது தரவிதியைத் திருத்தி ஒரே அமைப்பைக் கொண்டுவந்தது. நிவாரணப் பொருட்களை வாங்கும் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு முகாமுக்கு ஒரே வகை அடுப்பும் அதற்குப் பொருந்தும் டின்னும் வாங்குங்கள். பொருந்தாத டின்னை வலிந்து பூட்டும் இடத்தில்தான் கசிவு தொடங்குகிறது.

ரொட்டித் தட்டுக் கேள்விக்கு விடை

அந்தத் தாயின் கேள்விக்கு இப்போது வருவோம். அடுப்பை விட அகலமான பாத்திரமோ தட்டோ வைத்தால், அது டின் இருக்கும் பக்கத்தையும் மூடிவிடும். கீழே அடிக்கும் சூடு மேலே போக வழியில்லாமல் டின்னின் மீது திரும்புகிறது. கனமான இரும்புத் தட்டு நெடுநேரம் சூட்டைப் பிடித்துவைத்திருப்பதால் இன்னும் மோசம். ஆகவே பாத்திரத்தின் விளிம்பு டின் பெட்டிக்கு மேலே நீளக் கூடாது. ரொட்டி சுட வேண்டுமானால் சிறிய, மெல்லிய தட்டில் சுடுங்கள்.

இதே காரணத்துக்காக இரண்டு அடுப்புகளை ஒட்டிவைத்து ஒரு பெரிய பானையைத் தூக்கிவைப்பதும், காற்றுக்கு மறைப்பாக அடுப்பைச் சுற்றித் தகரம் அடைப்பதும், அடுப்பின் மீது கரி மூட்டுவதும் கூடாது. நூறு பேருக்கான பொதுச் சமையலுக்கு இது ஏற்ற அடுப்பே அல்ல.

சமைக்கும்போது இடையிடையே டின் பெட்டியின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணையுங்கள்.

கூடாரத்துக்குள் வேண்டாம்

பியூட்டேன் காற்றைப் போல் இரண்டு மடங்கு பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் போல் தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்தாலே தீப்பிடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடிக் கூடாரத்தில் முழங்கால் உயரம் வரை தீப்பற்றும் கலவையை உண்டாக்க ஒரே ஒரு டின் போதும். பிள்ளைகள் பாய் விரித்துப் படுக்கும் உயரம் அதுதான்.

மூடிய இடத்தில் எரிந்தால் ஒட்சிசன் குறைந்து காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடியும் வாந்தியும் உறக்கமும் வரும், உறங்கியவர் எழும்பாமலும் போகலாம். குளிர் காய்வதற்காக இரவில் இந்த அடுப்பை ஒருபோதும் எரியவிடாதீர்கள்.

சமையலுக்குத் திறந்த தாழ்வாரமோ, மூன்று பக்கம் திறந்த கொட்டிலோ அமைத்துக்கொள்ளுங்கள். பள்ளமான இடம் வேண்டாம். மட்டமான பலகைமீது அடுப்பை வையுங்கள். டின்னைப் பூட்டியதும், பற்றவைக்கும் முன் காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'உஸ்' என்ற சத்தமோ காஸ் மணமோ இருந்தால் பற்றவைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சவர்க்கார நுரையைப் பூட்டு வாயில் தடவுங்கள், கசிவிருந்தால் குமிழி எழும்பும். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்ப்பது கூடவே கூடாது.

உள்ளே காஸ் மணம் வந்தால் முதலில் பிள்ளைகளை வெளியேற்றுங்கள். மின்விளக்கு, டோர்ச், கைத்தொலைபேசி எதையும் அழுத்த வேண்டாம். தறப்பாளின் மேற்பகுதியைத் திறப்பதைவிட அடிப்பகுதியைத் தூக்கிக் கட்டுங்கள். வாயு கீழேதான் கிடக்கிறது.

சமைத்து முடிந்ததும் டின்னைக் கழற்றி மூடியைப் போட்டு, விறகடுப்புக்குத் தூரமாக நிழலில் வையுங்கள். துருப்பிடித்த, நெளிந்த டின்னைப் பாவிக்காதீர்கள். வெற்று டின்னைக் குப்பையோடு எரிப்பதும் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுப்பதும் வேண்டாம். வெற்று டின் என்று நாம் நினைப்பதில் எப்போதும் கொஞ்சம் வாயு மீதமிருக்கும்.

சில வாரங்களுக்கே இது

முழுச் சுவாலையில் ஒரு டின் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாகவே எரியும். 2.3 கிலோ எடையுள்ள சிறிய சிலிண்டரில் பத்து டின்களின் காஸ் இருக்கிறது. ஆகவே முகாம் வாழ்க்கை மாதக்கணக்கில் நீளுமென்றால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து சிறிய சிலிண்டருக்கும் நல்ல ரெகுலேட்டருக்கும் மாறுவது சிக்கனம். 1980களிலிருந்து நாட்டில் பாவனையிலுள்ள அனகி மண் அடுப்பு கிடைத்தால், விறகும் குறையும் புகையும் குறையும். அதற்கு டின் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுப்பை யார் தந்தாலும், இலவசமாகத் தந்தாலும், மேலே சொன்ன ஆறு விடயங்களையும் பார்த்து வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. "இதில் அமுக்கப் பொறி இருக்கிறதா? டின் சரியாகப் பொருந்துகிறதா?" என்று கேட்பது நன்றிகெட்ட செயலல்ல. நிலத்தையும் வீட்டையும் இழந்து வந்தவர்களுக்குப் பாதுகாப்பான ஒரு நெருப்பைக் கொடுக்க வேண்டியது, கொடுப்பவரின் கடமை. உங்கள் முகாம் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் தங்கள் அடுப்பைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம். அரைமணித்தியால வேலைதான் அது.