கடாரத்து வயலில் கற்ற அரசியல்

உழுது, தண்ணீர் கட்டி, நாற்றும் தயார். நடவுக்குப் பெண்கள்தான் வரவில்லை. ஆளனுப்பிக் கேட்டால், "இன்னொருத்தர் வயல் முடியலையே" என்று பதில் வருகிறது. 'வர மாட்டோம்' என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அறுப்புக்கு இயந்திரத்தைக் கூப்பிட்ட நிலக்காரர்கள்மேல் அந்த ஏழைப் பெண்களுக்கு அவ்வளவு மனத்தாங்கல்.

இது நடந்தது மலேசியாவின் கெடா மாநிலத்தில்; சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் மண்ணில். அங்கே மூடா சமவெளியில், 1970களில் பாசனத் திட்டம் வந்து இருபோகம் விளைந்தது. ஏழை வீட்டிலும் கொஞ்சம் காசு புழங்கியது. பின்னாலேயே அறுவடை இயந்திரங்கள் வந்தன. 1980க்குள் விளைச்சலில் சுமார் 80 சதவீதத்தை அவையே அறுத்தன. அறுப்பையும் கதிரடிப்பையும் நம்பியிருந்தவர்களின் கூலி போயிற்று.

இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக அரசியல் அறிவியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஸ்காட். பர்மா, வியட்நாம் விவசாயிகளின் கிளர்ச்சிகளைப் பற்றி 1976இல் எழுதிய நூலால் பெயர் பெற்றவர். வயிற்றுக்கு உத்தரவாதம் இல்லாமல் போகும்போதுதான் குடியானவன் கொதிக்கிறான் என்றது அந்நூல். அதை ஆவணங்களிலிருந்து எழுதியாயிற்று. இனி மனிதர்களிடம் கேட்க வேண்டும் என்று, நாற்பது வயதுக்கு மேல் ஒரு சின்ன நெல் கிராமத்தில் போய்த் தங்கினார். 1978 முதல் 1980 வரை அங்கே கள ஆய்வு. ஊராரைக் காப்பாற்ற, ஊருக்கு 'செடாக்கா' என்று புனைபெயர் வைத்தார்.

நடவுப் பெண்களின் மறியல் நீடிக்கவில்லை. வெளியூர் ஆட்களைக் கொண்டுவருவோம் என்றதும் அவர்கள் வயலில் இறங்கினார்கள். ஆனாலும் தோல்வி என்று அதை ஸ்காட் ஒதுக்கவில்லை. வேலையை இழுத்தடிப்பது, தலையாட்டிவிட்டுச் செய்யாமல் விடுவது, முதுகுக்குப் பின்னால் ஏசுவது எல்லாமே எளியவர்களின் ஆயுதங்கள் என்று 1985இல் வந்த நூலில் நிறுவினார். கொடி பிடித்தால்தான் போராட்டம் என்றிருந்த துறைக்கு அது புதிய கண் கொடுத்தது.

அச்சுக்குப் போகுமுன் அவர் செய்த காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கண்டறிந்ததை மறுபடி அந்த ஊருக்கே கொண்டுபோய், வாய்மொழியாக எடுத்துச் சொல்லி, அவர்கள் திருத்தியதையும் மறுத்ததையும் நூலில் சேர்த்தார்.

2024 ஜூலையில், 87 வயதில் ஸ்காட் மறைந்தார். தென்கிழக்கு ஆசியா என்றதும் ஆசியான் மாநாடு, வர்த்தக ஒப்பந்தம், கடல் எல்லை என்று படிக்கத் தொடங்கும் இளைய ஆய்வாளர்கள், ஒரு போகமாவது அந்த வரப்பில் நின்று பார்க்க வேண்டும். ஒப்பந்தங்களின் கணக்கு கடைசியில் அங்கேதான் கூலியாக வந்து தீர்கிறது.