குளிரைவிடப் பசியே துரத்துகிறது

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் தமிழகக் கடற்கரையிலுள்ள மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். பாத்திகளில் மழைநீர் தேங்கிக் கிடக்கும் அந்த மாதங்களில்தான் கொசு உள்ளான், உப்புக்கொத்தி ஆகிய சிறு கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாக அங்கே இரை தேடுகின்றன. கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம். அது குஞ்சு பொரிப்பதோ ஆர்க்டிக் கடலை ஒட்டிய சைபீரியச் சமவெளியில். அங்கே குளிர் தாங்க முடியாமல் இங்கே வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அது பாதி உண்மைதான். குளிரைப் பெரும்பாலும் உடல் தாங்கிவிடும். குளிர் கேட்கும் தீனியைத்தான் உறைந்த நிலத்தால் தர முடியாது. இந்த வேறுபாடு சின்னதல்ல. இப்பறவைகளுக்கு மரக்காணம் என்ன தர வேண்டும் என்பதை முடிவு செய்வதே அதுதான்.

உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு வெப்பநிலை எல்லை உண்டு. சுற்றுப்புறம் அதற்குக் கீழே போனால், சூட்டை நிலைநிறுத்தக் கூடுதலாக உணவை எரித்தாக வேண்டும். உடலியல் ஆய்வாளர் ஷோலாண்டரும் அவருடைய குழுவினரும் அலாஸ்காவின் விலங்குகளையும் வெப்பநாட்டு விலங்குகளையும் ஒப்பிட்டு 1950இல் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் துலக்கமாகக் காட்டின. ஆர்க்டிக் நரி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரைகூட அதிகமாக எரிக்கத் தேவையில்லாமல் இருந்தது. வெப்பநாட்டு விலங்குகளில் பலவோ 25 டிகிரிக்கு அருகிலேயே எரிக்கத் தொடங்கிவிட்டன. துணியில்லாத மனித உடலுக்கு இந்த எல்லை ஏறக்குறைய 27, 28 டிகிரி. உடலின் அளவும் சேர்ந்துகொள்கிறது: ஒரே சூட்டில் வைத்தாலும் அண்டா நீரைவிட டம்ளர் நீர் சீக்கிரம் ஆறிவிடுகிறது. எனவே நமக்கு இதமாகத் தோன்றும் மார்கழி இரவின் 20 டிகிரிகூட 25 கிராம் பறவைக்குச் செலவுதான். சைபீரியக் குளிர்காலத்தோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செலவு, அவ்வளவே.

இந்தச் செலவு எலிகளிடம் தெளிவாகத் தெரிகிறது: குளிரில் வைத்தால் அவை வழக்கத்தைவிட அதிகம் தின்கின்றன. தின்றும் எடை கூடுவதில்லை, முதலில் குறையக்கூடச் செய்கிறது. உண்டதெல்லாம் சூடாகிப் போய்விடுகிறது. தண்ணீர் விஷயம் இன்னும் வியப்பானது. தின்னும் தீனிக்கு ஏற்ற அளவு அவை நீர் குடிப்பதில்லை. தாகம் மந்தமாகி உடல் மெல்ல வறள்கிறது. வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றியதுமே ஆவலாகக் குடித்து ஈடுகட்டுகின்றன. பசியைத் தூண்டும் அதே குளிர் தாகத்தை அடக்குகிறது.

குளிர் எடையைக் குறைக்கும் என்றால், பிரிட்டனின் கடற்கரைச் சேற்றில் குளிர்காலத்தைக் கழிக்கும் உள்ளான் வகைகள் டிசம்பரில் கொழுத்திருப்பது ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சேறு உறைந்து இரை கிடைக்காமல் போகும் நாள்களுக்காக அவை கொழுப்பைச் சேர்த்துச் சுமக்கின்றன. வெப்பநாட்டுக்கு வந்த அதே இனப் பறவைகளுக்கு அந்தச் சுமை வேண்டியதில்லை. அவை வசந்தம் வரை மெலிந்தே இருக்கின்றன. ஆக, பறவையின் எடையைத் தீர்மானிப்பதில் குளிரின் அளவைவிட நாளைய இரையின் நிச்சயம் பெரிது. குளிரிலேயே தங்கிவிடும் பறவைகளும் இதைத்தான் சொல்கின்றன. நெதர்லாந்துக் கரையில் குளிர்காலத்தைக் கழிக்கும் செந்நிற உள்ளானின் அன்றாட ஆற்றல் செலவு, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் தங்கும் தன் இனத்தைவிட வெகு அதிகம். நெதர்லாந்துச் சேற்றில் சிப்பி கிடைக்கும்வரை அது தாக்குப்பிடிக்கிறது. சைபீரியப் பனிக்கடியில் அப்படி எதுவும் கிடைப்பதில்லை.

மரக்காணத்துக்கு இதனால் என்ன? பங்குனி, சித்திரையில் திரும்பிப் பறக்குமுன் இச்சிறு பறவைகள் வேகமாகக் கொழுக்க வேண்டும். சில தம் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பேற்றிக்கொள்கின்றன. குளிரில்லாததால் மிச்சமாகும் ஆற்றல்தான் அதற்கு முதல். அந்த முதலைத் தின்னும் வேறொரு செலவு இக்கரையிலேயே உண்டு: உப்பு. கண்ணுக்கு மேலுள்ள சுரப்பிகள் வழியே உப்பைப் பிரித்து மூக்கால் வெளியேற்ற இப்பறவைகளால் முடியும்; ஆனால் அதற்கு உழைப்பு வேண்டும். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ஓர் உள்ளான் இனத்தை நன்னீரிலிருந்து கடல்நீருக்குப் பழக்கியபோது, அதன் அடிப்படை ஆற்றல் செலவு 17 சதவீதமும் அன்றாட ஆற்றல் தேவை 20 சதவீதமும் கூடியதாக 2011இல் எழுதினார்கள். உப்பளத்தின் கடைசிப் பாத்திகளில் உள்ள நீர் கடல்நீரைவிடப் பல மடங்கு கரிப்பு.

அப்படியானால் உப்பளம் பறவைக்குப் பகையா? இல்லை. கரிப்பு குறைந்த முதல்நிலைத் தேக்கங்களில் பூச்சியும் புழுவும் பலவகையாகக் கிடைக்கின்றன. பக்கத்தில் நன்னீர் கலக்கும் இடமும் இருந்தால் உப்பளத் தொழிலும் பறவையும் சேர்ந்தே வாழலாம். மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஈரநிலத்தின் அருமை இங்கேதான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தின் மழைநீர் அங்கே வந்து, உப்பங்கழி வழியாகக் கடலைச் சந்திக்கிறது. 2021இல் அது பறவைகள் சரணாலயமானது. 2024இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இரண்டும் நல்ல செய்திகள். ஆனால் எல்லைக்கல் நிலத்தைத்தான் காக்கும். வரத்து வாய்க்கால்கள் தூர்ந்து, ஆக்கிரமிப்பும் இறால் பண்ணையும் நன்னீரை மறித்தால், சரணாலயத்துக்குள்ளேயே பறவை மெலியும். ஆகவே வாய்க்கால்களைத் தூர்வாருவதையும் பறவைப் பாதுகாப்பின் செலவாகவே அரசு கணக்கிட வேண்டும். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாசி, பங்குனியில் இரைமேயும் கூட்டத்தைப் படத்துக்காகக் கிளப்பாதீர்கள், பயந்து எழும் ஒவ்வொரு முறையும் அவை எரிப்பது சைபீரியா போய்ச்சேரச் சேர்த்துவைத்த கொழுப்பை.