கேட்டல் தேர்வு: காதும் பழக வேண்டும்

ரப்பர் தோட்டங்களில் ஆங்கிலம் அதிகம் காதில் விழாத மொழியாகவே இருந்தது. பேராக்கில் சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்துகாஜா வட்டாரத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டின்போது கங்காணி தமிழில்தான் ஆள் கூப்பிட்டார். வெள்ளைக்காரத் துரைமார்கள் பலரும் தோட்டத் தமிழைக் கற்றுக்கொண்டே வேலை வாங்கினர். ஆங்கிலம் கிராணியின் அலுவலகத்தோடு நின்றுவிட்டது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பல குடும்பங்கள் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிவந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆயினும், வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலம் இன்றும் கண்ணால் படிக்கும் பாடமே தவிர, காதால் கேட்கும் மொழி அன்று.

இந்தக் குறை இப்போது மதிப்பெண்ணைத் தொடுகிறது. 2021ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். தேர்விலிருந்து ஆங்கிலப் பாடத்தில் கேட்டல் தனித் தாளாகிவிட்டது. 40 நிமிடம், 30 மதிப்பெண். மொத்தப் புள்ளியில் கால் பங்கு. பல்கலைக்கழகம் செல்வோர் எழுதும் 'மூவெட்' தேர்விலும் முன்பு 15 விழுக்காடாக இருந்த கேட்டல், 2021 முதல் 25 விழுக்காடாகியுள்ளது. இலக்கணமும் கட்டுரையும் நன்றாகத் தெரிந்த மாணவரும் இத்தாளில் சறுக்கினால் தரம் இறங்கிவிடும்.

தேர்வில் ஒவ்வோர் ஒலிப்பதிவும் இருமுறை ஒலிக்கும். அதற்கு முன் கேள்விகளைப் படிக்கச் சிறிது நேரம் கிடைக்கும். அந்த நேரம்தான் பொன். யார், எங்கே, எத்தனை, ஏன் என்று கேட்கும் சொற்களின் கீழ்க் கோடிட்டு, எத்தகைய விடை வரும் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம் என்று தெரிந்த காதுக்கே செய்தி பிடிபடும். முதல் முறை விடையைத் தேர்ந்தெடுப்பதும், இரண்டாம் முறை அதைச் சரிபார்ப்பதும் நல்ல வழக்கம்.

முதலில் காதில் விழும் சொல்லையே விடை என்று எண்ணி ஏமாறக் கூடாது. ஒருவர் ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு ஒன்பது மணி ரயிலில் போக நினைத்தேன் என்பார், இடமில்லை என்பார், முடிவில் பதினொரு மணிப் பேருந்தில் போவதாகச் சொல்வார். கொடுக்கப்பட்ட விடைகளில் ரயிலும் இருக்கும், பேருந்தும் இருக்கும். 'பட்', 'ஆக்சுவலி', 'இன்ஸ்டெட்' போன்ற சொற்கள் வந்தால் பேச்சு திசை மாறுகிறது என்று பொருள்.

தமிழ்க் காதுக்கென்று சில தடைகள் உண்டு. 'கோட்' என்று தமிழில் எழுதினால் அது மேல்சட்டையா, ஆடா என்பது தெரியாது. ஆங்கிலத்தில் இரண்டும் வெவ்வேறு ஒலி. 'தர்ட்டீன்', 'தர்ட்டி' போன்ற எண்களில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று கவனிக்க வேண்டும். சொல்லின் இறுதியில் மெலிதாக வரும் 'எஸ்' ஒருமையைப் பன்மையாக்கிவிடும். இடத்தை நிரப்பும் கேள்விகளில் இந்த ஓர் எழுத்தும், சரியான எழுத்துக்கூட்டலும் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும்.

ஒரு கேள்வி தப்பிவிட்டால் அதையே நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒன்றைப் பிடிக்கப்போய் அடுத்த மூன்றும் கைநழுவிவிடும். அடுத்ததற்குச் சென்று, இரண்டாம் முறை ஒலிக்கும்போது விட்டதைப் பிடிக்கலாம். எந்த விடையையும் வெறுமையாக விடக் கூடாது.

இவை யாவும் தேர்வு நாளன்று வந்துவிடா. ஐந்தாம் படிவம் வரை காத்திராமல் நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஆர்.டி.எம்.மின் 'டிராக்ஸ் எஃப்.எம்.' வானொலியில் ஆங்கிலச் செய்தி கேட்கலாம். கைப்பேசியில் ஒரு சிறு ஒலிப்பதிவை எழுத்து வரிகளைப் பாராமல் கேட்டு, நான்கு வாக்கியங்களை எழுதிப் பார்த்துப் பிறகு ஒப்பிடலாம். தேர்வுக்கூடத்தில் ஒலிப்பதிவு எல்லாருக்கும் பொதுவாக ஒலிக்கும் என்பதால், காதுக்கருவியை மட்டும் நம்பாமல் சற்றுத் தள்ளி வைத்தும் கேட்டுப் பழக வேண்டும்.

ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இதில் உதவலாம். அந்தப் பத்து நிமிடம் வீட்டுத் தொலைக்காட்சியை அணைத்து வைத்தால் அதுவே பெரிய உதவி. கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் வைத்தார். படிப்பதைப் போலவே கேட்பதும் பழகிப் பெற வேண்டிய செல்வம் என்பதை அவர் அறிந்திருந்தார்.