ஒரு சாண் ஒயர்

லிஃப்டின் கன்ட்ரோலர் பெட்டிக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. எந்த மாடியில் பட்டனை அழுத்தினார்கள், அடுத்து எங்கே நிற்பது என்று கணக்குப் போடுவது ஒன்று. இப்போது நகரலாமா, கூடாதா என்று பார்ப்பது இன்னொன்று. முதல் வேலை பிசகினால் பெரும்பாலும் வேறு மாடியில் போய் இறங்குவோம், அவ்வளவுதான். இரண்டாவது பிசகினால் உயிர் போகும். வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டாவது வேலையைச் செய்பவை பெரும்பாலும் வெறும் சுவிட்சுகள்.

ஒவ்வொரு மாடிக் கதவின் பூட்டிலும் ஒன்று, கூண்டின் கதவில் ஒன்று, வேகம் மிஞ்சினால் தட்டிவிடும் கவர்னரில் ஒன்று, அடிக்குழியில் ஒன்று என எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கோத்திருப்பார்கள். மெக்கானிக்குகள் இதை சேஃப்டி சர்க்யூட் என்பார்கள். ஒரு சுவிட்ச் திறந்தாலும் மோட்டாருக்குக் கரன்ட் விடும் கான்டாக்டர் விழும், மோட்டார் நிற்கும், பிரேக் கவ்வும். பிரேக்கைக் கவ்வ வைப்பது ஸ்பிரிங். அதை விலக்கி வைத்திருக்கத்தான் மின்சாரம். ஆகவே கரன்ட் போனாலும், இந்த வரிசையில் ஒயர் அறுந்தாலும் லிஃப்ட் நின்றுவிடும். 1850களில் நியூயார்க்கில் எலிஷா ஓட்டிஸ் லிஃப்ட் மேடையின் கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டிய தடுப்பிலும் இதே யோசனைதான்: கயிறு தளர்ந்ததும் ஸ்பிரிங் விரிந்து மேடையைப் பிடித்துக்கொண்டது.

இத்தனையையும் ஒரு சாண் ஒயர் ஏமாற்றிவிடும். எந்தக் கதவு சுவிட்சில் கோளாறு என்று தேடும் மெக்கானிக், அதன் இரு முனைகளையும் ஜம்பர் போட்டு இணைப்பார். அது இருக்கும்வரை, திறந்த கதவும் மூடியதாகவே கன்ட்ரோலருக்குத் தெரியும். கழற்ற மறந்தால்? 2011 டிசம்பரில் நியூயார்க் மேடிசன் அவென்யூவில் ஒரு பெண் லிஃப்டில் காலெடுத்து வைக்கும்போதே, கதவு திறந்தபடி, கூண்டு மேலே எழும்பியது. அவர் இறந்துபோனார். பராமரிப்பு ஆட்கள் ஜம்பர் போட்டிருந்ததையும், மறுபடி ஓட்டுமுன் ஆய்வுக்கு அதிகாரிகளை அழைக்காததையும் நகர விசாரணை கண்டறிந்தது.

மறதியைத் திட்டிப் பயனில்லை. 2014இல் வந்த ஐரோப்பியத் தரமான இஎன் 81-20, கதவு சுவிட்சுகளை பைபாஸ் செய்யும் வசதியைக் கன்ட்ரோலரிலேயே வைக்கச் சொன்னது. அதைப் போட்டால் சாதாரண ஓட்டம் நின்றுவிடும். மெக்கானிக் தானே இயக்கினால்தான் கூண்டு நகரும், அப்போதும் ஒலியும் மின்னும் விளக்கும் எச்சரிக்கும். எனக்குப் பிடித்த தீர்வு இது.

லிஃப்டில் கை வைப்பவர்கள் மெக்கானிக்குகள் மட்டுமல்ல. அடுக்குமாடிகளில் லிஃப்டுக்குக் கார்டு ரீடர் பொருத்துவது இப்போது சகஜம். பட்டன் பக்கத்தோடு நின்றால் பெரிய தொந்தரவில்லை. தீயணைப்பு சுவிட்சைப் போட்டதும் ரீடர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அது முக்கியம். சேஃப்டி சர்க்யூட்டில் வெளி ஆள் எதையாவது ஒட்டவைத்தால் பொறுப்பின் முகவரியே மாறிவிடும். விபத்து நடந்தால் தயாரித்த நிறுவனம் "இது எங்கள் வரைபடத்தில் இல்லை" என்று சொல்லும். கேள்வி, கை வைத்தவரிடமும் வைக்கச் சொன்ன உரிமையாளரிடமும் வந்து நிற்கும். எந்த மாற்றமானாலும் சர்க்யூட் வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லிக் குடியிருப்போர் சங்கம் கேட்க வேண்டும். அடுத்து வரும் மெக்கானிக் அந்தத் தாளை நம்பித்தான் பெட்டிக்குள் கை விடுவார்.