கற்பூரம் கரைதல்

சிதம்பரத்தில் இரத்தினசபாபதிக்குக் காட்டும் கற்பூரமும், மஞ்சக்குப்பத்து இல்லங்களிற் பேழைக்குள்ளேயே குறையும் கற்பூரமும் ஒரே வகையில் மறைவன அல்ல. பின்னது திண்மத்தினின்று நீர்மமாகாது நேரே வளிமமாதல். அவ்வாவி குளிரின் மீளவும் கற்பூரமாய்ப் படியும். முன்னதிலோ ஆவி உயிர்வளியோடு கூடி எரிந்து, கரியமிலவளியும் நீராவியுமாய் மாறிவிடுதலின் மீட்சி இல்லை.

கற்பூரத்துக்கு நீர்மநிலையே இன்றென்பார் கூற்றுப் பொருந்தாது; ஏறத்தாழ 176 பாகை செல்சியசு வெப்பத்தில் அஃது உருகும். ஆயினும் உலகவழக்கு, கற்பூரம் காற்றில் 'கரைந்தது' என்னுமேயன்றி 'உருகிற்று' என்னாது. நீரில் உப்புக்குரிய வினையைக் காற்றுக்கும் நீட்டிய இவ்வழக்கு, மூலக்கூறுகள் வளியிடை விரவுதலை நன்கு புலப்படுத்தும். சித்த மருத்துவத்திலும் வழங்கும் 'பதங்கம்' என்பதனடியாகப் பிறந்த 'பதங்கமாதல்' என்னும் கலைச்சொல்லினும் இது தெளிவுடைத்து என்பது எம் கருத்து. பேழையுள் மிளகிடுவோர் அஞ்சுவதும் இக்கரைதலையே. மூடி இறுகின், ஆவி உள்ளே நிறைந்து, மேலும் கரைதல் நிற்கும்.