கடலோரத்துப் பொப் இசைக்குழு

அலையின் எழுச்சியைக் கித்தார் நரம்பில் காட்ட முயன்ற இசையொன்று 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையிலே தோன்றியது. அலைச்சறுக்கு விளையாட்டை ஒட்டிப் பிறந்த அவ்விசையை வளர்த்தவை சிறு குழுக்களே.

இலங்கைக் கரைகளுக்கும் தமக்கென ஓர் ஆடலிசை உண்டு. 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் வழிவந்த பைலாத் தாளமே அது. அத்தாளத்தோடு பேச்சுத் தமிழை இணைத்து, நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பொப் இசையைப் பரப்பினர். மனோகரனின் ‘சுராங்கனி’ 1970களில் கடல் கடந்து தமிழகத்திலும் ஒலித்தது.

புகழ் பெற்றோர் சிலர்; பெயர் அறியப்படாத ஊர்க்குழுக்களோ பல. நால்வர் அல்லது ஐவர் கூடுவர். பகலில் அவரவர்க்கு ஒரு தொழில். இரவில் திருமண வீடும் திருவிழாப் பந்தலுமே அரங்கு. கிடைக்கும் ஊதியம் வண்டிக் கூலிக்கும் நரம்பு மாற்றுதற்குமே சரியாகிவிடும்.

இத்தகைய குழு நிலைபெற மூன்று வேண்டும்: அச்சமற்ற இரவு, மின்சாரம், பிரியாத தோழமை. 1983 முதல் 2009 வரை நீடித்த போர், மன்னார்க் கரையில் இம்மூன்றையும் குலைத்தது. 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, பெரியமடு போன்ற ஊர்கள் தம் மக்களையே இழந்தன. ஆடுவாரும் கேட்பாரும் இல்லாத ஊரில் குழுவுக்கு என்ன வேலை?

பாட்டு மனிதரோடு புலம்பெயரும். குழுவோ ஊரோடுதான் வாழும். ஆதலின், மீண்டும் குடியேறிய ஊர்களில் இளைஞர் சிலர் மாலையிற் கூடிக் கித்தார் மீட்டுவாராயின், அதனை வீண்பொழுது என்று கடிதல் தகாது. ஊர் மீண்டும் ஊராகிறது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளமாகும்.